வேட்டைக்குப் போன காட்டில் கரடி: கண்டவர்களும் காணாமல் தப்பியவர்களும் எழுதுங்கள்

மலையடிவாரம்:

கனடாவின் அல்பர்ட்டா, நோர்டெக்கிற்கு மேற்கே. செப்டம்பர், எல்க் என்ற பெரிய மானை வில்லால் வேட்டையாடும் பருவம். மாலையில் நண்பன் ஒன்றை விழுத்திவிட்டான். இருட்டுவதற்குள் பின்தொடை இரண்டையும் முதுகிறைச்சியையும் சுமந்து இறக்கினோம். மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டு விடியப் போய் எடுப்பதாகப் பேச்சு. எல்லாரும் செய்கிறதுதான், இரண்டு பேர் ஒரே நடையில் ஒரு எல்க்கை இறக்க முடியாது.

விடிய ஏறிப் போகிறோம், அண்டங்காகங்கள் கத்துகின்றன. குடல் கிடக்கும் இடத்தில் அவை கூடுவது வழக்கம். ஆனால் ஒன்றுகூடக் கீழே இல்லை. எல்லாம் கிளையில் இருந்துகொண்டு நிலத்தைப் பார்த்துக் கத்துகின்றன. நண்பன் கவனிக்காமல் நடந்துகொண்டிருந்தான். பையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

எல்க் கிடந்த இடத்தில் இப்போது ஒரு மண்மேடு. புல், பாசி, வேர், சின்ன மரக்கன்று எல்லாவற்றையும் வாரிக் குவித்து மூடியிருந்தது. ஒரு குளம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கிளறிய மண் ஈரம் காயாமல் கறுப்பாக இருந்தது. அப்புறம் வலப்பக்கப் பற்றைக்குள்ளிருந்து தாடையை அடித்துப் பல்லோடு பல் மோதும் சத்தம். டக், டக். உறுமல் இல்லை, ஒன்றும் இல்லை. கரடியை நாங்கள் பார்க்கவேயில்லை.

முதுகைக் காட்டாமல் பின்வாங்கி வந்தோம். இறைச்சி போனது போனதுதான். நண்பன் இன்றைக்கும் "கையில் கரடிக்கான மிளகாய் ஸ்பிரே இருந்ததுதானே, விரட்டிவிட்டு எடுத்திருக்கலாம்" என்கிறான். நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள்?

தண்டர்பே அண்ணை:

தம்பி, நான் என்றால் கத்தியிருப்பேன். கரடி என்றவுடன் ஏன் எல்லாரும் இப்படிப் பயப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்குவதில்லை.

எனக்கு நடந்தது ஒன்ராறியோவில், மூஸ் என்ற மிகப் பெரிய மானை வேட்டையாடும் பருவத்தில். மரத்தில் கட்டிய ஸ்டாண்டில் இருக்கிறேன், காலை ஏழு மணி. ஏணி மெல்ல ஆடுகிறது. குனிந்து பார்த்தால் ஒரு கறுப்புக் கரடி முன்னங்கால் இரண்டையும் ஏணிப் படியில் வைத்து என் சப்பாத்தை மணந்து பார்க்கிறது. மூக்கு ஈரமாகப் பளபளக்கிறது. மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கிறது. ரைபிள் மடியில்தான், ஆனால் நேர் கீழே குழலைத் திருப்ப இடமில்லை. "டேய், போடா!" என்று தமிழில்தான் கத்தினேன். அதற்கு நல்லாக விளங்கியது, இறங்கி ஓடிவிட்டது.

இதில் படிக்க வேண்டியது: கறுப்புக் கரடியைக் கண்டால் ஓடக்கூடாது, மரத்தில் ஏறக்கூடாது, அது உங்களைவிட வேகமாக ஏறும். நிமிர்ந்து நின்று கையை உயர்த்திப் பெரிதாகத் தெரியுங்கள். கத்துங்கள். கல்லோ தடியோ எடுத்து எறியுங்கள். அதற்கு விலகிப் போக வழி விடுங்கள். சத்தமே போடாமல், கண்ணை எடுக்காமல், நீங்கள் நகர நகரப் பின்னாலேயே வருகிறதென்றால் அது உங்களை இரையாகப் பார்க்கிறது. அது அரிது. அப்படி வந்து மேலே பாய்ந்தால் செத்தவர் போலக் கிடக்கவே கூடாது. மூக்கிலும் கண்ணிலும் குத்துங்கள், கையில் கிடைத்ததால் அடியுங்கள். நின்று போராடியவர்கள் பிழைத்திருக்கிறார்கள். முகாமில் சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். பற்பசையும் சாப்பாடுதான் அதற்கு. இரத்தம் பட்ட உடுப்போடு படுக்காதீர்கள். இதெல்லாம் செய்தால் கரடியால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

மலையடிவாரம்:

அண்ணை, உங்களுடையது கறுப்புக் கரடி. எங்களுடையது கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடி, அதுவும் தான் மூடி வைத்த இறைச்சிக்குக் காவல் இருந்தது. அதைப் பார்த்து "போடா" என்றால் அது போகாது, நான்தான் போயிருப்பேன். ஒன்ராறியோவில் கிரிஸ்லியே இல்லை என்பதையும் ஒருக்கால் யோசியுங்கள்.

எட்மன்டன் மாமி:

சண்டை வேண்டாம் பிள்ளைகள். நான் வேட்டைக்காரி இல்லை, அவர்தான். கனனாஸ்கிஸ் பக்கம் காட்டுக்கோழி சுடப் போகும்போது நானும் போவேன். ஒரு வளைவில் புதரிலிருந்து தாய்க் கிரிஸ்லியும் குட்டியும் வெளியே வந்தன. தாய் பாய்ந்து வந்தது. அவர் துவக்கைத் தோளில் வைப்பதற்குள் நான் ஸ்பிரேயை அமத்திவிட்டேன். செம்மஞ்சள் புகைக்குள் அதன் தலை நுழைந்ததும் முன்னங்காலை ஊன்றித் திரும்பியது. மிளகாய் வறுத்த அடுப்படி மாதிரி எங்கள் இரண்டு பேருக்கும் இருமல். அவ்வளவுதான்.

இப்போது கேளுங்கள். ஸ்பிரேயைப் பைக்குள் வைத்திருப்பவர்களுக்கு அது இல்லாத மாதிரிதான். நெஞ்சிலோ இடுப்பிலோ உறையில் இருக்க வேண்டும். பாதுகாப்புக் கிளிப்பைப் பெருவிரலால் பார்க்காமலே கழற்றிப் பழகுங்கள். பயிற்சிக்கென்று மிளகாய்ச் சாறு இல்லாத வெற்று டப்பாக்கள் விற்கிறார்கள், வாங்கி அடித்துப் பாருங்கள். பெரும்பாலான டப்பா பத்து மீற்றர் வரைதான் போகும், பத்து விநாடிக்குள் தீர்ந்துவிடும். அதனால் கரடி தூரத்தில் நிற்கும்போது அடித்து வீணாக்காதீர்கள். முகத்துக்குக் குறி வைக்காமல் கொஞ்சம் கீழே பார்த்து அடியுங்கள், புகை மேலே எழும்பும், கரடி தலையைத் தாழ்த்திக்கொண்டுதான் வரும். கடுங்குளிரில் அமுக்கம் குறைந்துவிடும், ஜாக்கெட்டுக்கு உள்ளே வைத்திருங்கள். காலாவதித் தேதி பாருங்கள். விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள். இன்னொன்று, சிலர் நுளம்புத் தைலம் போலக் கூடாரத்திலும் பையிலும் முன்கூட்டியே அடித்து வைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். காய்ந்த மிளகாய் வாசனை கரடியை இழுக்கும். ஸ்பிரே அடித்த மண்ணில் போய்க் கரடி உருண்டு புரண்டதை ஆராய்ச்சியாளர்களே பார்த்திருக்கிறார்கள்.

கிரிஸ்லி திடுக்கிட்டுப் பாய்ந்து உங்களைத் தொட்டுவிட்டால் குப்புறப் படுங்கள், கையைப் பின்கழுத்தில் கோத்துக்கொள்ளுங்கள், காலை அகட்டி வையுங்கள், அப்போதுதான் புரட்ட முடியாது. முதுகுப்பையைக் கழற்றாதீர்கள். அது போன பிறகும் உடனே எழும்பாதீர்கள். தண்டர்பே தம்பி சொன்ன போராட்டம் இதற்குப் பொருந்தாது.

கணக்குப்பிள்ளை:

மாமி சொன்னதற்கு ஆதாரம் உண்டு. அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை ஸ்பிரே பயன்படுத்திய சம்பவங்களைத் தொகுத்து 2008இல் ஓர் ஆய்வு வந்தது. பழுப்புக் கரடிகளின் வேண்டாத நடத்தையை ஸ்பிரே 92 சதவீதம் தடவைகள் நிறுத்தியது. ஸ்பிரே வைத்திருந்து கரடியைக் கிட்டத்தில் எதிர்கொண்டவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. அதே ஆய்வாளர்கள் 2012இல் துப்பாக்கி பற்றி எழுதியது இன்னும் சுவாரசியம்: துப்பாக்கி கையில் இருந்தவர்களில் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. என்னிடம் சொந்தக் கதை எதுவும் இல்லை.

தண்டர்பே அண்ணை:

கதை இல்லாமல் கணக்கு மட்டும் சொல்ல வந்துவிட்டார்கள். அந்த ஸ்பிரேச் சம்பவங்களில் பல, என்னவென்று பார்க்க வந்த கரடியும் சாப்பாடு தேடி வந்த கரடியும். துப்பாக்கிச் சம்பவங்களோ பாய்ந்து வந்த கரடி. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாமா? அதோடு எதிர்க்காற்றில் அடித்துப் பாருங்கள், யாருக்குக் காயமில்லை என்று தெரியும்.

முல்லைக்காடு:

வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

சண்டைக்கு முந்தின காலம், வன்னி. பெரியப்பாவின் இடியன் துவக்கு. நான் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு. பாலைப்பழக் காலம், மான் பழம் பொறுக்க வரும் என்று காற்றுக்கு எதிராக, சருகு நொறுங்காமல் போகிறோம். ஒரு புற்றடியில் கறுப்பாக ஏதோ கிடந்தது, எரிந்த மரக்குற்றி என்று நினைத்தேன். அது கரையான் தின்றுகொண்டிருந்த கரடி. தலை புற்றுக்குள். நாங்கள் வந்தது அதற்குத் தெரியாது, அது இருப்பது எங்களுக்குத் தெரியாது. நாலைந்து முழம்தான் இடைவெளி.

நிமிர்ந்தது. நெஞ்சில் அந்த வெள்ளை வளைவு தெரிந்தது. அடுத்து பெரியப்பா கீழே, அது மேலே. துவக்கு இன்னும் தோள்வாரில்தான். இடியனில் ஒரே வெடி, அதையும் எடுத்துக் குறி பார்க்க நேரம் எங்கே? நான் போத்தலால் மரத்தில் அடித்துக்கொண்டு நின்றேன். எதற்கு அடித்தேன் என்று தெரியாது. அது விட்டுவிட்டுப் பற்றைக்குள் போனது. நான் அடித்ததாலா, தானாகவா, அதுதான் இன்றைக்கும் எனக்குத் தெரிய வேண்டும்.

பெரியப்பா பிழைத்தார். அதற்குப் பிறகு வாயின் வலப்பக்கத்தால்தான் தேநீர் குடிப்பார். மூக்குப்பேணியைச் சரித்து மெல்ல ஊற்றுவார், இடப்பக்கம் வழியும், சால்வையால் துடைப்பார். எங்கள் கரடி முகத்துக்குத்தான் போகும். தின்ன வருவதில்லை, பயந்து அடிப்பது.

விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள் கதைத்துக்கொண்டு, மரத்தைத் தட்டிக்கொண்டு, கோடாலியைக் கையில் பிடித்துக்கொண்டு போவார்கள். வேட்டைக்காரன் மட்டும் வாயை மூடிக்கொண்டு காற்றுக்கு எதிராகப் போவான். கரடிக்கு எங்களைத் தெரியவிடாத எல்லாவற்றையும் நாங்களே செய்கிறோம். தண்டர்பே அண்ணை, கத்துவதற்கு ஒரு விநாடி வேண்டும். அது எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கோத்தகிரிக்காரன்:

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை, அதனால் நான் இங்கே சும்மா எட்டிப் பார்ப்பவன். ஆனால் கரடி என்றால் நாங்கள் வீட்டிலேயே பார்ப்போம்.

விடியற்காலை டியூட்டிக்குப் போகிறேன், எஸ்டேட் கோயில் கதவு உடைந்து கிடக்கிறது. திருடன் என்று நினைத்து டார்ச் அடித்தால் உள்ளே கரடி. விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டு, வாயெல்லாம் எண்ணெய் மினுங்க, ஒரு குத்துவிளக்கை முன்னங்கால்களுக்கு நடுவில் பிடித்து நக்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தது, மறுபடி நக்கியது. முடித்துவிட்டுத்தான் தேயிலைக்குள் இறங்கிப் போனது. நான் வாசலை விட்டு ஒதுங்கி நின்றேன், அவ்வளவுதான் செய்தேன்.

முல்லைக்காடு அண்ணா சொல்வது சரி. எங்கள் பக்கம் கொழுந்து பறிக்க இறங்கும் முன் தகரத்தைத் தட்டுவார்கள், உண்ணிச்செடிப் புதர் ஓரத்தில் தனியாக யாரையும் விடமாட்டார்கள். மலையடிவாரம் அண்ணாவிடம் ஒரு கேள்வி: துப்பாக்கிச் சத்தம் கேட்டால் கிரிஸ்லி "சாப்பாடு ரெடி" என்று ஓடிவரும் என்று சொல்கிறார்களே, நிஜமா?

மலையடிவாரம்:

தம்பி, சத்தத்துக்கு வருகிறதோ இல்லையோ, குடல் வாசத்துக்கு வரும், அது நிச்சயம். எங்களுடையது அம்புதான், வெடிச்சத்தமே இல்லை, ஆனாலும் வந்ததே. எல்க் அழைப்பு ஊதுவதும் அப்படித்தான். பெண் எல்க் மாதிரி ஊதினால் ஆண் எல்க் மட்டுமா கேட்கும்?

இப்போது நாங்கள் செய்வது: ஒருவர் வெட்டும்போது மற்றவர் கத்தியைத் தொடமாட்டார். ஸ்பிரேயோடு எழும்பி நின்று சுற்றிப் பார்ப்பதுதான் அவர் வேலை. குனிந்து முழங்கைவரை இரத்தத்தோடு இருக்கிறவனுக்கு ஒன்றும் கேட்காது. இறைச்சி இரவு தங்க வேண்டுமென்றால் குடலிலிருந்து நூறு மீற்றருக்கு மேல் இழுத்துப்போய், தூரத்திலிருந்து பார்க்கக்கூடிய வெளியான இடத்தில், மரத்தில் உயரக் கட்டுகிறோம். காலையில் எதிர்ச் சரிவில் நின்று பைனாகுலரால் பார்த்து, பை கட்டிய இடத்தில் கட்டியபடி தொங்குகிறதென்றால்தான் கிட்டப் போவது. அதுவும் பலத்த குரலில் கதைத்துக்கொண்டு. மூடியிருந்தால் திரும்பிவிடுவது. அல்பர்ட்டாவில் 2006 முதல் பொதுவான கிரிஸ்லி வேட்டைப் பருவம் இல்லை. தற்காப்புக்குச் சுட்டாலும் அதிகாரிகளிடம் சொல்லி விசாரணைக்கு நிற்க வேண்டும். ஒரு முன்தொடைக்காக அதெல்லாம் தேவையா என்றுதான் நண்பனிடம் கேட்கிறேன்.

எட்மன்டன் மாமி:

உன் நண்பனை ஒருநாள் இங்கே எழுதச் சொல், நான் பேசிக்கொள்கிறேன்.

தண்டர்பே அண்ணை:

முல்லைக்காடு தம்பி, உங்கள் பெரியப்பாவின் கதைக்கு என்னிடம் பதில் இல்லை. மற்றவர்களுக்கு: ஒன்ராறியோவில் நான் சொன்னதுதான் சரி, அதை மாற்றமாட்டேன். சரி, கெனோரா பக்கம் இந்த முறை மூஸ் டாக் (வேட்டை அனுமதிச் சீட்டு) கிடைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஸ்டாண்டுக்கு ஏணி இல்லாத மாடல் ஒன்று தேடுகிறேன்.