கோடைப் பள்ளியில் கிரேக்க அறவியல்: முன்கூட்டியே எதைப் படிப்பது?

கேள்வி:
வணக்கம். வரும் ஜூலையில், இங்கிலாந்தில் ஒரு வாரம் தங்கிப் பயிலும் கோடைப் பள்ளி ஒன்றில் பண்டைய கிரேக்க அறவியல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். பொறியியல் படித்த எனக்குக் கிரேக்க மொழி தெரியாது. அரிஸ்டாட்டிலின் 'நிக்கோமாக்கிய அறவியல்' முழுவதும், பிளேட்டோவின் 'புரொட்டகோரஸ்', எபிக்டெட்டஸின் 'கையேடு' ஆகியவற்றைப் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் அனைத்தையும் ஆழ்ந்து படிக்க இயலாது என்பதால், எதற்கு முதலிடம் தருவது, எந்த ஆங்கில மொழிபெயர்ப்பை வாங்குவது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1:
அரிஸ்டாட்டிலின் நூலில் உள்ள 10 புத்தகங்களையும் (அதன் பெரும் பகுதிகளை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒரே சீராகப் படிக்க வேண்டியதில்லை. குழலூதுபவருக்கும் சிற்பிக்கும் உரிய பணி ஒன்று இருப்பதைப் போல மனிதருக்கும் மனிதர் என்ற முறையில் ஒரு பணி உண்டா என்று கேட்கும் முதல் புத்தகத்தின் 7ஆம் அத்தியாயத்தை, ஒவ்வொரு படியிலும் நின்று, இதிலிருந்து அது உண்மையில் பெறப்படுகிறதா என்று சோதித்தபடியே படியுங்கள். நூலின் எஞ்சிய பகுதி பெரிதும் அதன்மேல்தான் நிற்கிறது. அடுத்து, நற்பண்பு பழக்கத்தால் உருவாகிறது என்னும் 2ஆம் புத்தகத்தையும், புயலில் சரக்கைக் கடலில் எறிபவர் விரும்பித்தான் எறிகிறாரா என்று ஆராயும் 3ஆம் புத்தகத்தின் தொடக்கத்தையும் படியுங்கள். பிறகு நேரே 10ஆம் புத்தகத்தின் 6 முதல் 8 வரையிலான அத்தியாயங்களுக்குச் செல்லுங்கள். அதுவரை நீதியும் துணிவும் நிறைந்த வாழ்வைப் பேசிவந்தவர், அங்கே சிந்தனை வாழ்வே மேலானது என்கிறார். இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும் என்பது இன்றும் அறிஞர்கள் வாதிடும் கேள்வி. வகுப்பிலும் நிச்சயம் எழும். நீதி பற்றிய 5ஆம் புத்தகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மறுமொழி 2:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன், ஆனால் வரிசையை மாற்றுவேன். தீயது என்று அறிந்தும் ஒருவர் அதையே செய்வதில்லை என்று 'புரொட்டகோரஸ்' உரையாடலின் பிற்பகுதியில் சாக்ரடீஸ் வாதிடுகிறார். அரிஸ்டாட்டில் 7ஆம் புத்தகத்தில் அவரைப் பெயர் சொல்லியே எதிர்கொள்கிறார். அந்த வாதத்தைப் படிக்காமல் 7ஆம் புத்தகத்தைத் தொட்டால், இவ்வளவு நுணுக்கம் எதற்காக என்றே தோன்றும். எனவே பிளேட்டோவிலிருந்து தொடங்குங்கள். எபிக்டெட்டஸின் உரைகளிலிருந்து அவருடைய மாணவர் ஆரியன் தொகுத்த 'கையேடு' மிகச் சிறியது, ஒரே மாலையில் முடிந்துவிடும். ஆனால் உடல்நலமும் செல்வமும் நம் வசத்தில் இல்லை, நம் தீர்ப்புகளே நம் வசத்தில் உள்ளன என்று அது சொல்வதை, டிராய் நகர மன்னர் பிரியமுக்கு நேர்ந்த பேரிழப்புகளுக்குப் பின் அவரை இன்பமாக வாழ்ந்தவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்னும் அரிஸ்டாட்டிலின் முதல் புத்தகத்தோடு சேர்த்து வைத்துப் படியுங்கள்.

மறுமொழி 3:
அரிஸ்டாட்டில் நூலின் மொழிபெயர்ப்பு குறித்து மட்டும் சொல்கிறேன். டெரன்ஸ் இர்வின் மொழிபெயர்ப்பில் விரிவான குறிப்புகளும் கலைச்சொல் விளக்கமும் உள்ளதால், கிரேக்கம் அறியாதவருக்கு அது பெருந்துணை. ரோஜர் கிறிஸ்ப் மொழிபெயர்ப்பு படிக்க எளிது. எதை வாங்கினாலும் ஓரத்தில் பெக்கர் எண்கள் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இமானுவேல் பெக்கர் 1831இல் வெளியிட்ட அரிஸ்டாட்டில் பதிப்பின் பக்கம், அப்பக்கத்தின் நெடுவரிசை, வரி ஆகியவற்றைக் குறிக்கும் அந்த எண்களைச் சொல்லித்தான் வகுப்பில் எல்லோரும் இடம் காட்டுவார்கள். கையில் உள்ள மொழிபெயர்ப்பு ஆளுக்கு ஆள் மாறினாலும் அந்த எண் மாறாது. மின்னூலில் சில சமயம் அவை விடுபட்டிருக்கும். அத்தகைய பதிப்பைத் தவிர்த்துவிடுங்கள்.