மாற்றுவதா, படியெடுப்பதா?

பொருள்: மறு: மறு: 'லாஸ்லெஸ்' – தமிழில் என்ன சொல்லலாம்?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு சொல்தான் கேட்டேன்: எதையும் இழக்காத என்ற பொருளில் கணினிக்காரர்கள் சொல்லும் 'லாஸ்லெஸ்' என்பதற்குத் தமிழ். இன்று காலையில் பார்த்தால் இருபத்திரண்டு மடல்கள். அதில் பாதி, 'கைபேசி'யா 'அலைபேசி'யா என்ற பழைய வழக்கு. அதை வேறு இழையில் அடித்துக்கொள்வோம். நான் கைபேசி என்றே எழுதுகிறேன். கொழும்புத் தம்பி கையடக்கத் தொலைபேசி என்று எழுதினாலும் எனக்குப் புரிகிறது.

எதற்காகக் கேட்டேன் என்பதை முதல் மடலிலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தவறு. கைபேசியில் இருக்கும் படங்களைத் தரம் கெடாமல் கணினியில் சேர்ப்பது எப்படி என்று வீட்டுப் பெரியவர்களுக்காக எட்டுப் பக்கத்தில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பித்து வைத்தது மாமாவின் அறுபதாம் கல்யாணம். ஆறடி அகலத்தில் ஒரு ஃபிளெக்ஸ் அடிக்க, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்திருந்த படத்தைப் பென் டிரைவில் போட்டு எடுத்துப் போனேன். கடைக்காரர் திரையில் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தார். "குரூப்புல வந்த படமா சார்? உடையும். ஒரிஜினல் இருந்தா குடுங்க" என்றார். அத்தையின் போனில் இருந்த அசல் 4000 புள்ளி (பிக்ஸல்) அகலம். குழுவில் வந்தது 1600. ஆறடி என்றால் 72 அங்குலம். அங்குலத்துக்கு 22 புள்ளிதான் தேறும். மாமாவின் மீசை செங்கல் செங்கலாகத் தெரிந்தது.

சரி என்று அத்தையிடம் போய், "படத்தையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாத்திடலாம்" என்றேன். அத்தை போனைக் கொடுக்கவில்லை. "மாத்திட்டா அப்புறம் என் போன்ல இருக்காதுல்ல?" என்றார்.

இந்தக் கேள்விதான் எனக்குப் பொறி தட்டிய இடம். நாம் எல்லோரும் 'லாஸ்லெஸ்' என்ற அடைமொழியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறோம். சிக்கல் அதற்குப் பின்னால் வரும் வினைச்சொல்லில் இருக்கிறது என்பது என் கட்சி. இனி ஒவ்வொரு மடலாக.

> 'தரமிழப்பற்ற பரிமாற்றம்' என்பது பொருத்தமாக இருக்கும். இலக்கணப் பிழையும் இல்லை.

ஐயா, பிழை இல்லைதான். ஆனால் பரிமாற்றம் என்றால் கொடுக்கல் வாங்கல். நீங்கள் ஒன்று தர நான் ஒன்று தருவது. கருத்துப் பரிமாற்றம் சரி, பண்டப் பரிமாற்றம் சரி. கைபேசியிலிருந்து கணினிக்குப் படம் போகிறது. பதிலுக்குக் கணினி எதுவும் தருவதில்லை. நெறிமுறையின் பெயராக வரும்போது இருந்துவிட்டுப் போகட்டும். ஆண்ட்ராய்டு போனைக் கம்பியில் செருகினால் இரு பக்கமும் எம்டிபி (MTP) என்ற நெறிமுறை வழியில்தான் பேசிக்கொள்கின்றன, அங்கே போக்கும் வரவும் உண்டு. அத்தைக்கு எழுதும் வரியில் அது வேண்டாம்.

> இடமாற்றம்?

அரசு ஊழியர் வீட்டில் பிறந்தவனிடம் இந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். இடமாற்றம் ஆனால் சாமான் செட்டோடு புறப்பட வேண்டும், பழைய ஊரில் ஒன்றும் மிஞ்சாது. அத்தை பயந்ததும் இதைத்தான். இன்னொரு நண்பர் 'கடத்தல்' என்று எழுதியிருந்தார். மின்கடத்தி என்று சொல்லும் வழக்கம் இருக்கிறதே என்பது அவர் வாதம். இருக்கட்டும், "உங்கள் படங்களைக் கடத்துவது எப்படி" என்ற தலைப்பில் கையேடு போட்டால் வாங்கிப் படிக்கிறவர்கள் வேறு ஆட்களாக இருப்பார்கள்.

> பேச்சில் எல்லாரும் 'மாற்று' என்றுதானே சொல்கிறோம். 'தரம் குறையாமல் மாற்றுதல்' என்று விட்டுவிடலாமே?

அக்கா, பேச்சு வழக்கை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதில் நான் எப்போதும் உங்கள் பக்கம்தான். இந்த ஒரு இடத்தில் மட்டும் எதிர்ப் பக்கம் வருகிறேன். தமிழில் 'மாற்று' இரண்டு வேலை செய்கிறது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதும் மாற்றுதல். ஒன்றை வேறொன்றாக ஆக்குவதும் மாற்றுதல். படத்தின் தரம் கெடுகிறதா இல்லையா என்பதே இந்த இரண்டில் எது நடந்தது என்பதைப் பொறுத்தது. முதலாவதில் ஒரு புள்ளிகூடக் கெடாது. கெடுவதெல்லாம் இரண்டாவதில்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்க. கம்பியைச் செருகி, போனில் 'கோப்பு' என்ற தேர்வைத் தொட்டு, டிசிஐஎம் (DCIM, போன் தன் படங்களைச் சேர்த்து வைக்கும் ஃபோல்டர்) அடைவுக்குள் இருக்கும் கேமரா அடைவை அப்படியே கணினியில் ஒட்டினால், போகிறவை வெறும் பூஜ்யமும் ஒன்றும். அவை படமா பாட்டா என்பது கம்பிக்குத் தெரியாது. செய்திச் செயலி வழியே சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைப் பிரித்து, அளவைக் குறைத்து, மறுபடி ஜேபெக் (JPEG) என்ற பட வடிவில் எழுதி அனுப்புகிறது. போய்ச் சேர்வது புதிதாகச் செய்த இன்னொரு படம். அதே வாட்ஸ்அப்பில் படத்தை 'ஆவணம்' என்று இணைத்து அனுப்பினால் அசல் கோப்பே போகிறது. ஒரே செயலி, ஒரே இணையம். ஒன்று கொண்டுபோவது, மற்றொன்று வேறாக்குவது.

ஐபோனில் இது இன்னும் வேடிக்கை. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து புதிய ஐபோன்கள் படங்களை எச்இஐசி (HEIC) என்ற வடிவில் எடுக்கின்றன. அமைப்புகளில் படங்கள் பகுதிக்குப் போய்க் கீழே தள்ளிக்கொண்டே வந்தால், கணினிக்கு அனுப்பும்போது என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும்: தானாக முடிவு செய்வது, அசலை அப்படியே அனுப்புவது. 'தானாக' என்று விட்டால் வழியிலேயே படத்தை ஜேபெக்காக ஆக்கிக் கணினியிடம் கொடுத்துவிடக்கூடும். 'மாற்று' என்ற நம் சொல்லின் இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் நடக்கிற இடம் அது. அந்த வரியைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். "மாற்றும்போது மாற்றாமல் மாற்றுக" என்று வந்தது. பேனாவை வைத்துவிட்டேன்.

ஆகவே என் கோரிக்கை: இந்தத் துறையில் 'மாற்று' என்பதை இரண்டாம் பொருளுக்கே விட்டுவிடுவோம், அதையும் 'உருமாற்று' என்று தெளிவாக எழுதுவோம். முதல் பொருளுக்குப் 'படியெடு'.

> படி என்றால் மாடிப்படி, அரிசி அளக்கும் படி, 'பாடம் படி'. குழப்பாதா?

குழப்பாது தம்பி. 'படியெடுத்தல்' என்று சேர்ந்து வரும்போது வேறு பொருளுக்கு வழியே இல்லை. ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து இருக்கிற சொல். ஏட்டைப் பார்த்து எழுதினால் படி. 'மெய்ப்படி', 'உண்மைப் படி' என்று எழுதுவதும் உண்டு. நகல் என்ற சொல் எனக்குப் பிடிக்காமலில்லை, ஆனால் அதில் ஜெராக்ஸ் கடை வாசனை வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது. அசலைவிட ஒரு மாற்றுக் குறைந்தது என்ற நினைப்பை அது கூடவே கூட்டிவருகிறது. கணினிக் கோப்புக்கு அந்த ஏற்றத்தாழ்வு கிடையாது. ஒழுங்காக எடுத்த படிக்கும் மூலத்துக்கும் வேறுபாடு சொல்ல யாராலும் முடியாது. கொழும்பில் 'பிரதி' என்கிறார்கள், அதிலும் எனக்கு மறுப்பில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, படி எடுத்தால் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. அத்தைக்கு வேண்டியது அந்த உறுதிமொழிதான்.

('படியேற்றம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஸ்டுடியோக்காரர்கள் "சிஸ்டத்துல ஏத்தியாச்சா" என்று கேட்பதிலிருந்து செய்த சொல் என்றார். யோசனை நல்லதுதான், ஆனால் இருமுடி கட்டிக்கொண்டு பதினெட்டுப் படி ஏறுவதுதான் கண்ணுக்கு வருகிறது.)

இப்போது அடைமொழிக்கு வருவோம்.

> இழப்பற்ற / இழப்புள்ள. ஆங்கிலத்துக்கு நேர் நேராக இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

நேர் நேராக இருப்பதே எனக்கு உறுத்துகிறது. பாடநூலில் ஓடும். பேசிப் பாருங்கள்: "இழப்பற்ற முறையில் அனுப்புங்கள்." யாரோ தவறிப்போனதற்குத் துக்கம் கேட்பது போல இருக்கிறது.

தமிழில் இதற்கென்று ஒரு சுருக்கமான வாய்ப்பு உண்டு. செல்லாக் காசு, வாடாமல்லி, தீராக் கடன். 'அற்ற', 'இல்லாத', 'இன்மை' எதுவும் வேண்டாம். வினையின் எதிர்மறையை ஈறு கெடுத்து ('செல்லாத' என்பதைச் 'செல்லா' என்று) முன்னால் வைத்தால் போதும். பொருளியல்காரர்கள் 'வளங்குன்றா வளர்ச்சி' என்று அழகாக எழுதிவிட்டார்கள். அந்த அச்சில் வார்த்தது 'குன்றாப் படி'. மூலத்திலிருந்து எள்ளளவும் குன்றாத படி. மற்றது 'குன்றிய படி'.

> அப்படியானால் 'தரங்குன்றாப் படி' என்று முழுமையாகச் சொல்லலாமே?

நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். பிறகு 'தர'த்தை அடித்துவிட்டேன், காரணம் இரண்டு. கை நடுங்கி எடுத்த மங்கலான படத்தையும் குன்றாமல் படியெடுக்கலாம். மங்கல் அப்படியே வரும். அதில் என்ன தரம் இருக்கிறது? இரண்டாவது, குன்றுவது தரம் மட்டுமில்லை. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த நாள், நேரம், சில சமயம் இடம்கூட எழுதி வைக்கிறது. செய்திச் செயலிகள் இந்தக் குறிப்பைப் பெரும்பாலும் உரித்துவிடுகின்றன. பிறகு கணினியில் தேதி வாரியாக அடுக்கினால், ஐந்து வருடத்துக்கு முந்தைய தேர்த் திருவிழா போன வாரம் நடந்ததாகக் காட்டும். படம் பார்க்கப் பளிச்சென்று இருக்கலாம், ஆனாலும் அது குன்றிய படி.

> சரி, 'லாஸ்லெஸ் கம்ப்ரெஷன்'? அங்கே 'குன்றாச் சுருக்கம்' ஒட்டுமா?

எதையும் இழக்காமல் கோப்பின் அளவைக் குறைப்பதற்குப் பெயர் அது. இங்கேதான் எனக்கு இரண்டு மனம். முதலில் 'சுருக்கம்' என்ற சொல்லையே பாருங்கள். கதைச் சுருக்கம், கட்டுரைச் சுருக்கம் என்றால் எதையாவது விட்டிருக்கிறோம் என்றுதான் பொருள். குன்றாத சுருக்கம் என்பது கேட்பவருக்கு முரணாகப் படும். 'ஒடுக்கம்' என்று முன்மொழிந்தவருக்கு: ஒடுக்குமுறை நினைவு வருகிறது, மன்னிக்கவும்.

எனக்கு இரண்டு வீட்டுக் காட்சிகள் தோன்றுகின்றன. புடவையை மடித்துப் பெட்டியில் வைக்கிறோம். இடம் கொஞ்சம்தான் பிடிக்கிறது, பிரித்தால் முழுப் புடவையும் இருக்கிறது. ஜிப் கோப்பும் பிஎன்ஜி படமும் இந்த வகை. பாலைச் சுண்டக் காய்ச்சுகிறோம். அதுவும் அளவில் குறைகிறது, ஆனால் திரட்டுப்பாலைத் திரும்பப் பாலாக்க முடியாது. ஜேபெக் இந்த வகை. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாகக் கூறு போட்டு, ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு அவ்வளவாகப் பிடிபடாத நுணுக்கங்களை மழுக்கிவிடுகிறது. 1992-இல் தரநிலையான முறை, இன்னும் ஓடுகிறது, மோசமான முறையும் இல்லை. திரட்டுப்பாலை யார் வேண்டாம் என்பார்? ஆனால் திறந்து, திருத்தி, சேமித்து, மறுபடி திறந்து சேமித்தால் ஒவ்வொரு தடவையும் இன்னொரு கொதி.

மடிப்பு, சுண்டல் என்றே வைத்துவிடலாமா என்று ஒரு கணம் ஆசைப்பட்டேன். ஆனால் சுண்டல் கடற்கரைக்குப் போய்விட்டது, மடிப்புக் கைபேசி என்று வேறு ஒன்று சந்தைக்கு வந்துவிட்டது. புடவையிலும் பாலிலும் உண்மையான வேறுபாடு என்ன? ஒன்று பழைய நிலைக்கு மீளும், மற்றது மீளாது. ஆகவே 'மீளும் சுருக்கம்', 'மீளாச் சுருக்கம்'. சுருக்கம் என்ற சொல்லின் பழியையும் இந்த அடைமொழி துடைத்துவிடுகிறது. சுருங்கியது மீளும் என்பதில் முரண் இல்லை. 'மீள்சுருக்கம்' என்று மட்டும் ஒட்டிவிடாதீர்கள், மறுபடி சுருக்குவது என்று ஆகிவிடும். அது நேர் எதிர்ப் பொருள்.

> படி குன்றவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு ஒரு சொல் வேண்டாமா?

வேண்டும், புதிதாகச் செய்ய வேண்டாம். மூலக் கோப்புக்கும் படிக்கும் எஸ்எச்ஏ-256 (SHA-256) என்ற, கோப்புக்குக் கைரேகை எடுப்பது போன்ற கணக்கைப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 64 குறிகள் கொண்ட ஒரு வரி கிடைக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோப்புகளும் ஒன்றே. ஒரு புள்ளி மாறினாலும் வரி முழுக்க வேறாகிவிடும். இந்தச் செயலுக்குச் சுவடிப் பதிப்பாசிரியர்கள் வைத்திருந்த சொல் 'ஒப்புநோக்குதல்'. ஊர் ஊராகப் போய் ஏடுகளைச் சேர்த்து உ.வே.சாமிநாதையர் செய்த வேலையில் பெரும்பங்கு அதுதான். ஏடெழுதியவர் கைசோர்ந்து விட்ட எழுத்தும் அவரே இட்டு நிரப்பிய எழுத்தும் பாடபேதம் (ஏட்டுக்கு ஏடு மாறும் பாடம்) ஆகிவிடும். குன்றிய படிக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அத்தைக்கு இந்த எஸ்எச்ஏ எல்லாம் கிடையாது. இரண்டு பக்கமும் கோப்பின் அளவைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மூலம் 4 எம்பி, படி 300 கேபி என்றால் வழியில் யாரோ காய்ச்சியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. 'பிக்ஸலேட்' ஆவதற்கு, அதாவது பெரிதாக்கினால் படம் கட்டம் கட்டமாகத் தெரிவதற்கு, சொல் தேடி இரண்டு மடல்கள் வந்தன, 'படவணுச் சிதைவு' என்று ஒன்று. ஃபிளெக்ஸ் கடையிலும் டிடிபி மையத்திலும் இதற்கு எப்போதோ சொல் கிடைத்தாயிற்று: படம் உடைகிறது. உடையாத படம், உடைந்த படம். கலைச்சொல் பட்டியலில் அதையே ஏற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கையேட்டில் அந்த வரி இப்போது இப்படி நிற்கிறது:

"ஐபோனில் 'தானாக' என்று இருந்தால் படங்கள் வழியில் உருமாறக்கூடும். அசலை அப்படியே அனுப்பும் தேர்வைத் தொட்டுவிட்டுப் படியெடுங்கள். குன்றாப் படி கிடைக்கும். போனில் உள்ள படம் போனிலேயே இருக்கும்."

நேற்று மாலை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். 'குன்றா' என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தார், கேள்வி எதுவும் கேட்கவில்லை. போனை நீட்டிவிட்டு, "மாமா கோயில்ல நிக்கிற படத்தையும் சேர்த்து எடுத்துக்கோ" என்றார்.

'உருமாறக்கூடும்' என்பதில் ஏதோ ராட்சசக் கதை வாடை அடிக்கிறது. வேறு சொல் இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.