ஜேசனுக்கு புரூஸ் செய்ததற்கு அப்புறமும் அவரை அப்பா என்று சொல்ல முடியுமா?

சிவப்புமுகமூடி:
2023இல் வந்த பேட்மேன் காமிக்ஸ் 138ஆம் இதழோடு நான் தொடரைப் படிப்பதை நிறுத்திவிட்டேன். 'காத்தம் வார்' கதை. வில்லன்களிடம் அடியாட்களாக இருந்தவர்களுக்கு செலினா (கேட்வுமன்) புதிதாகத் தொழில் கற்றுத் தருகிறாள்: பணக்காரர்களிடம் மட்டும் திருடு, யாரையும் அடிக்காதே. ஊரில் வன்முறை குறைகிறது. புரூஸ் (பேட்மேன்) வளர்த்த பிள்ளை ஜேசன் டாட் அவள் பக்கம் நிற்கிறான். புரூஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போய் மூளையிலேயே கைவைத்துவிடுகிறார். இனி உடம்பில் அட்ரினலின் ஏறினாலே பயத்தில் உறைந்து போவான். சண்டைக்குப் போக முடியாது, அதனால் உயிரோடு இருப்பான் என்பது அவர் சொல்லும் நியாயம்.

அந்தப் பக்கத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. நான் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது தாத்தா இறந்துவிட்டார். படிப்பு கெட்டுவிடும் என்று அப்பா மறைத்துவிட்டார். ஹாஸ்டலுக்கு போன் போட்டு "தாத்தா தூங்குறார்டா, நீ படி" என்பார். கடைசிப் பரீட்சை வேதியியல். முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கூடத்தில் மாலை போட்ட படம். அப்பா கெட்டவர் இல்லை. ஆனால் பதினோரு வருஷமாகியும், "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று அவர் சொன்னால் அம்மாவிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

மேலே படித்தவர்கள் சொல்லுங்கள். ஜேசன் இனி இவரை எப்படி நம்புவான்?

பழையபெட்டி:
சகோ, அப்போது புரூஸின் தலைக்குள் ஸுர்-என்-ஆர் என்ற மாற்று ஆளுமை புகுந்திருந்தது. சிலர் அதைக் காட்டி அவரை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தன் மனம் உடைந்தால் உதவட்டும் என்று அதை உள்ளே வைத்தவரே அவர்தான். அது கட்டிய ஃபெயில்சேஃப் என்ற இயந்திரம் 2022இல் எழுந்து வந்து எல்லாரையும் அடிக்கும் வரை, அப்படி ஒன்று இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

இது அவருடைய பழைய வழக்கம். 2012இல் தொடங்கிய 'டெத் ஆஃப் தி ஃபேமிலி'யில், தன் ரகசியக் குகைக்குள் முன்பே வில்லன் ஜோக்கரின் சீட்டு ஒன்று கிடைத்திருந்ததை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். அந்தக் கதை முடிவில் அவர் கூப்பிட்டும், அவரோடு சேர்ந்து போராடும் டிக், பார்பரா, டிம், ஜேசன் ஒருவரும் வரவில்லை. 2014இல் டிக் செத்துவிட்டதாக வீட்டாரையே நம்பவைத்து, அவனை ஸ்பைரல் அமைப்புக்குள் உளவு பார்க்க அனுப்பினார். உங்கள் தாத்தா விஷயத்தைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

டிம்_கட்சி:
எல்லாப் பழியையும் புரூஸ் மேல் போட எனக்கு மனசு வரவில்லை. டிம்மின் அப்பா ஜாக் 2004இல் கொல்லப்பட்ட பிறகு புரூஸ் அவனைத் தத்தெடுக்க விரும்பினார். டிம் என்ன செய்தான்? ஒரு நடிகரைக் கூலிக்குப் பிடித்துத் தன் சித்தப்பா என்று கொண்டுவந்து நிறுத்தினான். இவனும் மறைத்தவன்தான். அந்தப் பொய்க்காக புரூஸ் அவனை ஒதுக்கிவிடவில்லை. 2006இல் முறைப்படி தத்தெடுத்தார்.

இன்னொன்று. 2019இல், 77ஆம் இதழில், புரூஸின் மகன் டேமியன் கண்ணெதிரே பேன் என்ற வில்லன், புரூஸை வளர்த்த பட்லர் ஆல்ஃபிரட்டைக் கொல்கிறான். அதுவரை இந்த வீட்டில் நம்பிக்கை நேராகப் போனதே இல்லை, ஆல்ஃபிரட் வழியாகத்தான் போனது. புரூஸ் சொல்லாததை அவர் சொல்லுவார், பிள்ளைகள் கேட்கத் தயங்குவதை அவர் கேட்பார். நீங்கள் அம்மாவிடம் கேட்டுக்கொள்வது மாதிரி. 138இல் அவர் இருந்திருந்தால் ஜேசன் மேல் கைவைக்க விட்டிருக்கமாட்டார்.

சிவப்புமுகமூடி:
ஆல்ஃபிரட்டை நான் அப்படி யோசித்துப் பார்த்ததே இல்லை. நன்றி தோழி.

நேற்று ராத்திரி 1987இல் வந்த 408ஆம் இதழை மறுபடி எடுத்தேன், பேட்மொபைலின் டயரை ஜேசன் கழற்றுகிற கதை. பையனைப் பிடித்த புரூஸ் அவனை மா கன் நடத்தும் பள்ளியில் கொண்டுபோய் விடுகிறார். பிறகு பார்த்தால் அது பிள்ளைகளுக்குத் திருட்டுத்தனம் பழக்கும் இடம். அறிமுகமான அன்றைக்கே இவனுக்கு எது நல்லது என்று அவரே தீர்மானித்துவிட்டார். 1988இல் 5,343க்கு 5,271 என்று போனில் ஓட்டுப் போட்டு அவனைச் சாகடித்தது வாசகர்கள். அப்போதும் அவனை யாரும் கேட்கவில்லை. உயிரோடு திரும்பி வந்தவன் 650ஆம் இதழில் புரூஸிடம் கேட்டது ஒன்றுதான்: என்னைக் காப்பாற்றாததற்குக் கோபமில்லை, என்னைக் கொன்ற ஜோக்கர் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறான்? அதற்கு அவன் மனசு ஆறுகிற மாதிரி ஒரு பதில் அவருக்கு இன்றுவரை சொல்ல வரவில்லை.

பழையபெட்டி:
மேலே படியுங்கள் சகோ. புரூஸுக்காக இல்லை, ஜேசனுக்காகப் படியுங்கள்.

சிவப்புமுகமூடி:
சரி. ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான், அவனோடு உட்கார்ந்து தொடங்குகிறேன்.