கன்றின் ஒட்டுண்ணியும் மனிதரின் ஒட்டுண்ணியும் ஒரே குடலில் கலக்குமா?

முத்தையன்கட்டு, உயிரியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மாரி தொடங்கியதும் எங்கள் பட்டியில் பிறந்து பத்து நாளும் ஆகாத இரண்டு கன்றுகளுக்குத் தண்ணீராக வயிற்றோட்டம் போனது. அவற்றின் சாணத்தில் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி இருந்ததாகக் கால்நடை வைத்தியர் சொன்னார். அந்தக் கிழமையே, கன்று அவிழ்த்து விடும் என் மகனுக்கும் வயிற்றோட்டம் வந்து, பின்னர் குணமாகியது. உயர்தர வகுப்பில் ஒடுக்கற்பிரிவு (நிறமூர்த்த எண்ணிக்கை பாதியாகும் கலப்பிரிவு) படிப்பிக்கும்போது இதைச் சொன்னேன். மாட்டில் வாழும் வகையும் மனிதரில் வாழும் வகையும் ஒரு குடலில் சந்தித்தால் புதிய வகை பிறக்குமா என்று ஒரு மாணவி கேட்டாள். சரியான விடையைச் சொல்ல விரும்புகிறேன்.

நெடுங்கேணி, ஒட்டுண்ணியியல் ஆய்வு மாணவர்:

ரீச்சர், பிறக்க முடியும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மலேரியா ஒட்டுண்ணி தன் இலிங்கமுறை இனப்பெருக்கத்தை நுளம்பின் உடலில்தான் முடிக்கிறது. கிரிப்டோஸ்போரிடியமோ எல்லாக் கட்டங்களையும் ஒரே விருந்துவழங்கியின் (ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிரியின்) குடலில் நடத்தி முடிக்கிறது. ஆண் புணரியும் பெண் புணரியும் (இனப்பெருக்கக் கலங்கள்) இணைந்து நுகமாகி, அது ஒடுக்கற்பிரிவடைந்து, நான்கு இளம் உயிரிகளைக் கொண்ட, தடித்த உறையுள்ள சிதலாக மலத்துடன் வெளியேறுகிறது. இரண்டு புணரிகளும் ஒரே குலவகையிலிருந்து வந்தால் நிறமூர்த்தங்கள் துண்டு மாறினாலும் புதிதாக எதுவும் கிடைக்காது. வேறுபட்ட இரண்டு வகைகள் ஒரே நேரத்தில் ஒரே குடலில் தொற்றியிருந்தால் மட்டுமே, நிறமூர்த்தத் துண்டுகள் இப்படி இடம்மாறும் மீள்சேர்க்கையால், முன்பு ஒன்றாக இல்லாத பரம்பரையலகுகள் (மரபணுக்கள்) ஒரே உயிரியில் சேரும்.

இனி வகைகள். கிரிப்டோஸ்போரிடியம் ஹொமினிஸ் பெரும்பாலும் மனிதரையே தொற்றும். கிரிப்டோஸ்போரிடியம் பார்வம் என்ற இன்னோர் இனம் கன்றுகளையும் மனிதரையும் தொற்றும். ஆனால் பார்வத்துக்குள்ளேயே மனிதரிடம் மட்டும் சுற்றிவரும் ஒரு கிளையும் இருக்கிறது. 2019இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வொன்று, அந்தக் கிளை மாட்டு வகையிலிருந்து பிரிந்த பின்பும் ஹொமினிஸ் இனத்தின் பரம்பரைத் துண்டுகளைப் பெற்றிருப்பதைக் காட்டியது. விருந்துவழங்கிக்கு ஏற்ப மாறுவது என்றால் சிறு மாற்றங்கள் ஒவ்வொன்றாகச் சேர்வது மட்டும்தான் என்று நாங்கள் படித்தோம். மனிதக் குடலில் ஏற்கெனவே தேர்ந்த ஒரு துண்டை அயல் இனத்திடமிருந்து அப்படியே வாங்கிக்கொள்ளும் வழியும் உண்டு என்பதுதான் உங்கள் மாணவிக்குச் சொல்ல வேண்டியது என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் நடந்தது கலப்பு என்று மட்டும் கொள்ள வேண்டாம். மகனுக்கு வந்தது இந்த ஒட்டுண்ணியாகவே இருந்தாலும், கன்றிலிருந்து நேரே தொற்றியதே போதுமான விளக்கம்.

வவுனிக்குளம், வாசகர்:

ஒரே ஒரு பரம்பரையலகு மாறினாலேயே விலங்கின் ஒட்டுண்ணி மனிதருக்கு வந்துவிடுமா?

நெடுங்கேணி, ஒட்டுண்ணியியல் ஆய்வு மாணவர்:

ஆபிரிக்காவின் தூக்க நோயில் அப்படியே நடக்கிறது, ஐயா. கால்நடைகளைத் தொற்றும் ட்ரிபனோசோமா புரூசி என்ற ஒட்டுண்ணியை மனிதக் குருதியிலுள்ள ஒரு புரதம் கொன்றுவிடும். அப்புரதத்தைப் பிடித்து முடக்கும் எஸ்.ஆர்.ஏ. என்ற பரம்பரையலகைக் கொண்ட ரொடீசியன்ஸ் வகை தப்பி மனிதரில் வாழ்கிறது. இந்நோயைப் பரப்பும் செற்சி ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இரு வகைகளும் புணரும்போது அந்த அலகு மற்றதற்கும் கடந்து செல்ல முடியும் என்று ஆய்வுகூடக் கலப்புகள் காட்டியிருக்கின்றன. எல்லா ஒட்டுண்ணிகளும் இப்படி ஒரே அலகில் தங்கியிருப்பதில்லை. கிரிப்டோஸ்போரிடியத்தில் பல அலகுகள் சேர்ந்தே வேலை செய்வதாகக் கருதப்படுகிறது.

முத்தையன்கட்டு, உயிரியல் ஆசிரியை:

மிக்க நன்றி, தம்பி. கரும்பலகையில் இரண்டு நிறங்களில் நிறமூர்த்தங்களை வரைந்து இதை விளக்கப் போகிறேன். கிணற்றுக்குக் குளோரின் போட்டால் போதுமா என்பதையும் சொல்லுங்கள்.

மாங்குளம், ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியர்:

போதாது, மகள். கிரிப்டோஸ்போரிடியச் சிதலின் தடித்த உறை குளோரினைத் தாங்கும். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சுத்திகரித்த குழாய்நீரின் வழியாகவே ஏறத்தாழ 4 இலட்சம் பேருக்கு இது தொற்றியது. குடிநீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள். வயிற்றோட்டமுள்ள கன்றை வேறாகக் கட்டி, அதன் சாணத்தைக் கிணற்றிலிருந்து தள்ளிக் கொட்டுங்கள். சிதல்கள் வெளியேறும்போதே தொற்றக்கூடியவை என்பதால், கன்றைத் தொட்ட பிள்ளைகள் சாப்பிட முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.