யூத் பார்லிமென்ட்ல பொண்ணுக்கு எதிர்க்கட்சித் தலைவர் ரோல், ஸ்க்ரிப்ட் முழுசா ஸ்கூல்லயே குடுத்துட்டாங்க, இதுல பசங்க என்ன கத்துப்பாங்க?

மயூர்விஹார்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு இங்க டெல்லில லெவன்த் படிக்கறா. ஸ்கூல்ல யூத் பார்லிமென்ட் போட்டிக்கு, அதான் பசங்களே எம்பி, மினிஸ்டரா இருந்து பார்லிமென்ட் மாதிரி நடத்திக் காட்டறது, அதுக்கு டீம் எடுத்தாங்க, இவளை எதிர்க்கட்சித் தலைவரா போட்டிருக்காங்க, வீட்ல எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். ஆனா போன வாரம் ஒரு கத்தை பேப்பரோட வந்தா, முழுசும் டைப் பண்ணிக் குடுத்துட்டாங்க, யார் எப்ப எழுந்திருக்கணும், எங்க கத்தணும், எந்த வரி முடிஞ்சதும் வெளிநடப்பு பண்ணணும்னு கூட எழுதியிருக்கு. இவ பேச்சு பெண்கள் பாதுகாப்பு பத்தி, சுத்த ஹிந்தில ரெண்டு பக்கம், பாதி வார்த்தைக்கு அவளுக்கே அர்த்தம் தெரியல. ராத்திரி கண்ணாடி முன்னாடி நின்னு மனப்பாடம் பண்றா.

தலைமைப் பண்பு வரும், தைரியம் வரும்னு எல்லாரும் சொல்றாங்க, வேற யாரோ எழுதினதை ஒப்பிச்சா அது எப்படி வரும்னு எனக்குப் புரியல. டீச்சரையும் குறை சொல்ல மனசு வரல, 50 பசங்களை வச்சுக்கிட்டு போர்ஷனும் முடிச்சு இதையும் பண்றாங்க. பேசாம இதை விட்டுட்டு எம்யூஎன் (பசங்க ஒவ்வொரு நாட்டுப் பிரதிநிதியா நடிக்கற மாதிரி ஐ.நா. சபை) அனுப்பலாமான்னு பாத்தா அதுக்கு ஃபீஸே ஆயிரக்கணக்குல கேக்கறாங்க. அடுத்த வருஷம் போர்டு எக்ஸாம் வேற. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, அம்மாவா நான் என்ன உதவி பண்ண முடியும்னும் சொல்லுங்க.

நார்த்கேம்பஸ்_அக்கா:

ஆன்ட்டி, தயவுசெஞ்சு அவளை விலக வைக்காதீங்க. நான் ஸ்கூல்ல ரெண்டும் பண்ணிருக்கேன், இப்ப காலேஜ்ல பொலிட்டிகல் சயின்ஸ், சனிக்கிழமைல நானும் ரெண்டு மூணு ஃப்ரெண்ட்ஸும் எங்க பழைய ஸ்கூலுக்குப் போய் ஜூனியர்ஸுக்கு ப்ராக்டிஸ் குடுக்கறோம். ஸ்க்ரிப்ட் குடுக்கற பழக்கம் பல ஸ்கூல்ல இருக்கு. ஜட்ஜா எம்பியோ முன்னாள் எம்பியோ வந்து உக்காருவாங்க, மொத்த அவையும் ஒரு மணி நேரத்துக்குள்ள முடியணும், அதுக்குள்ள பதவிப் பிரமாணம், இரங்கல் குறிப்பு, கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மசோதா எல்லாம் வரணும், ஏதாவது ஒரு இடத்துல சொதப்பிட்டா மார்க் போயிடும்னு பயம்.

ஆனா எவ்ளோ இறுக்கமான ஸ்க்ரிப்டா இருந்தாலும் ஒரு இடத்துல பசங்க உள்ள பூந்துடலாம், அது துணைக் கேள்வி. மினிஸ்டர் பதில் சொன்னதும் உடனே எழுந்து கேக்கறது. நாங்க ப்ராக்டிஸ்ல செய்யறது இதுதான், முக்கியக் கேள்வியும் பதிலும் பேப்பர்ல இருக்கும், துணைக் கேள்வியை மட்டும் எழுத விடமாட்டோம்.

எங்க க்ரூப்ல ஒரு நைன்த் பொண்ணு, சங்கம் விஹார்லேர்ந்து வர்றா, வாயே திறக்கமாட்டா. டேங்கர் தண்ணி பத்தின கேள்வி அன்னிக்கு. மினிஸ்டர் ரோல் பண்ற பையன் "இவ்விஷயம் அரசின் பரிசீலனையில் உள்ளது"னு நல்லா கம்பீரமா ஹிந்தில ஒப்பிச்சுட்டு உக்காந்துட்டான். இவ எழுந்தா, கையில ஒண்ணும் இல்ல, கொஞ்ச நேரம் சும்மா நின்னா, அப்புறம் மெதுவா "எந்தத் தேதிலேர்ந்து பரிசீலனைல இருக்கு?"ன்னு கேட்டா. பையன் சபாநாயகரைப் பாக்கறான், எங்களைப் பாக்கறான், நாங்க யாரும் எடுத்துக் குடுக்கல. அடுத்த சனிக்கிழமை அவன் டெல்லி ஜல் போர்டு (இங்க குடிநீர் வாரியம்) பத்தி ஒரு நோட்டு முழுக்க எழுதிட்டு வந்தான். அந்தப் பொண்ணு அன்னிலேர்ந்து முதல் பெஞ்சு. எனக்கு மென்டரிங்னா இதுதான் ஆன்ட்டி, பதிலை வாய்ல ஊட்டாம அந்த மௌனத்தைத் தாங்கிக்கிட்டு பக்கத்துல உக்காந்திருக்கறது.

எம்யூஎன்ல பேரம் பேசக் கத்துக்கலாம், நமக்குப் பிடிக்காத ஒரு நாட்டோட நிலைப்பாட்டுல நின்னு வாதாடக் கத்துக்கலாம், அது பெரிய விஷயம்தான். ஆனா நம்ம தெரு சாக்கடை அங்க வராது. வசதி இருந்தா பின்னாடி போகட்டும், முதல்ல இது.

ஜனக்புரி_அப்பா:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் பையன் ரெண்டு வருஷம் முன்னாடி அவனோட ஸ்கூல் டீம்ல இருந்தான், ஸ்கூல் பேர் வேண்டாம். அவனுக்குக் குடுத்த வேலை மேசையைத் தட்டறது. ஹிந்தியும் இங்கிலீஷும் சரளமா பேசற ஏழெட்டுப் பசங்கதான் பிரதமர், மினிஸ்டர், எதிர்க்கட்சி எல்லாம், மத்த எல்லாரும் ரெண்டு வரிசைல உக்காந்து "ஷேம் ஷேம்" சொல்லணும், அதுக்கு வாரக்கணக்கா கிளாஸ் கட். ஏற்கெனவே பேசத் தெரிஞ்சவனை மேடைல ஏத்தறதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய ஏற்பாடுன்னு எனக்கு இன்னிக்கும் ஆத்தாமை இருக்கு. எங்கக்கா நாகர்கோவில் பக்கம், அந்தப் பக்கமெல்லாம் குழந்தைகள் பார்லிமென்ட்னு தெருவுக்குத் தெரு நடத்தினாங்க, ஒரு முப்பது பசங்க, அவங்களே பிரதமர் தேர்ந்தெடுத்து, சுகாதாரத்துக்கு ஒரு மினிஸ்டர் கல்விக்கு ஒரு மினிஸ்டர்னு வச்சு, தெருக்குழாய் உடைஞ்சா பஞ்சாயத்துல மனு குடுக்கற வரைக்கும் போவாங்க. பேச்சுத் திறமை பாத்து யாரையும் வடிகட்டல.

சர்டிஃபிகேட்டுக்காக மட்டும் அனுப்பறதா இருந்தா வேண்டாம்மா. டெல்லி யூனிவர்சிட்டில 2022லேர்ந்து சியூஇடிங்கற நுழைவுத் தேர்வு மார்க்தான், பொது சீட்டுக்கு இதையெல்லாம் யாரும் பாக்கறதில்ல. பொண்ணுக்கே ஆசை இருக்கான்னு முதல்ல கேளுங்க. ஆசை இருந்தா தாராளமா அனுப்புங்க, போர்டு எக்ஸாம் அடுத்த வருஷம்தானே.

ஆர்கேபுரம்_மாமா:

அம்மா, நான் பார்லிமென்ட்ல கேள்விகள் பிரிவுல பல வருஷம் வேலை பாத்து ரிடயர் ஆனவன். இந்தத் திட்டம் எப்படி வந்ததுன்னு தெரிஞ்சா உங்க கவலை எவ்வளவு நியாயம்னு புரியும். 1962ல பம்பாய்ல கட்சிக் கொறடாக்கள் மாநாடு நடந்தது, பள்ளி காலேஜ்ல மாதிரி பார்லிமென்ட் நடத்தணும்னு அங்கதான் சிபாரிசு பண்ணினாங்க. 1966-67ல முதல்ல டெல்லி ஸ்கூல்கள்ல ஆரம்பிச்சாங்க, அப்புறம் 1988ல கேந்திரிய வித்யாலயாக்களுக்கு தேசிய அளவுல தனிப் போட்டி, 1997-98ல நவோதயாவுக்கும் யூனிவர்சிட்டிகளுக்கும். சட்டசபைக்குள்ள நடக்கறது பசங்களுக்குப் புரியணும், அடுத்தவன் சொல்றதைப் பொறுமையா கேக்கப் பழகணும், இதுதான் நோக்கம். கப் ஜெயிக்கறது இல்ல.

போட்டியே இல்லாம நடத்தவும் வழி இருக்கு, 2019 நவம்பர் 26ல நேஷனல் யூத் பார்லிமென்ட் ஸ்கீம்னு ஒரு வெப் போர்ட்டல் திறந்தாங்க, பயிற்சிக்கு வேண்டியதெல்லாம் அதுலயே இருக்கு. ஜனக்புரி சார் சொன்ன வருத்தத்துக்கு அது நல்ல மருந்து.

இப்ப விஷயத்துக்கு வரேன். பேசறது கடைசி வேலைம்மா, கேள்வி எழுதறதுதான் முதல் வேலை. மக்களவைல ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20தான், அதுக்குத்தான் மினிஸ்டர் எழுந்து வாயால பதில் சொல்லணும், துணைக் கேள்வியும் அதுக்கு மட்டும்தான். மீதி 230க்கு எழுத்துல பதில். குறைஞ்சது 15 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். கேள்விக்குள்ள வாதம் இருக்கக் கூடாது, அனுமானம் இருக்கக் கூடாது, நக்கல் இருக்கக் கூடாது, யார் மேலயும் பழி போடக் கூடாது, 150 வார்த்தையைத் தாண்டக் கூடாது. பெரிய பெரிய ஆளுங்க அனுப்பினதெல்லாம் இந்த விதில அடிபட்டுத் திரும்பிப் போனதை என் கண்ணால பாத்திருக்கேன். 16 வயசுப் பொண்ணு தன் கோபத்தை இந்த அச்சுக்குள்ள கொண்டுவரக் கத்துக்கிட்டாளா, அது வாழ்நாள் பூரா உதவும்.

காலேஜ்ல படிக்கற அந்தப் பொண்ணு சொன்ன டேங்கர் கேள்வி அருமை, ஆனா நிஜ மக்களவைல அது வராது. தண்ணி டெல்லி அரசாங்கத்தோட பொறுப்பு, குப்பை எம்சிடி, அதாவது மாநகராட்சி, போலீஸும் நிலமும் டெல்லி சட்டசபைக்குக் கிடையாது, மத்திய அரசுதான்னு அரசியல் சாசனம் 239ஏஏ பிரிவுல இருக்கு. எந்தக் கதவைத் தட்டணும்னு தெரியாமலே டெல்லில பாதிப் பேர் அலையறோம். இந்த ஊர்ப் பசங்களுக்கு முதல் பாடமே இதுவா இருக்கணும்.

உங்க பொண்ணுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. பெண்கள் பாதுகாப்புன்னு ரெண்டு பக்கம் இருக்கே, அதுல அவளுக்கு நடந்தது ஒரு வரியாவது இருக்கா? தமிழ்லயே சொல்லச் சொல்லுங்க. அதை எழுதி இங்க போடுங்க, கேள்வியா மாத்தறதுக்கு நான் உதவி பண்றேன்.

மயூர்விஹார்_அம்மா:

மாமா, ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி சாப்பிடறப்ப கேட்டேன். முதல்ல ஒண்ணுமில்லம்மான்னுதான் சொன்னா. அப்புறம் சொன்னா, ட்யூஷன் முடிஞ்சு மெட்ரோலேர்ந்து இறங்கி வர்ற வழில ஃப்ளைஓவருக்குக் கீழ ஒரு துண்டு ரோடு, லைட் எரியாது, இவளும் இவ ஃப்ரெண்டும் அந்த இடம் வந்ததும் வெறும் ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டு "அப்பா, இதோ வந்துட்டேன், நீங்க கேட்டுலயே நில்லுங்க"ன்னு சத்தமா பேசிட்டே நடப்பாங்களாம். மறுபக்கம் யாருமே இருக்கமாட்டாங்க. எனக்கு இதுவரைக்கும் இது தெரியாது. அதைக் கேட்டதுலேர்ந்து மனசே சரியில்ல, இன்னிலேர்ந்து நான் போய் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டேன், ஆனா அவ ஃப்ரெண்டுக்கு அப்படி வர ஆள் இல்ல, மத்தப் பொண்ணுங்க எத்தனை பேரோ. இதைக் கேள்வியா கேக்க முடியுமா?

ஆர்கேபுரம்_மாமா:

முடியும்மா, கட்டாயம் கேக்கலாம். லைட்டு யாரோட ரோடோ அவங்க வேலை, அதை பார்லிமென்ட்ல கொண்டு வந்தா விதிப்படி நிக்காது. ஆனா ரோந்து டெல்லி போலீஸோட வேலை, டெல்லி போலீஸ் உள்துறை அமைச்சகத்துக்குக் கீழ, அதனால இப்படி வரும், தமிழ்லயே எழுதறேன்:

உள்துறை அமைச்சர் அன்புகூர்ந்து தெரிவிப்பாரா:
(அ) டெல்லியில் மெட்ரோ நிலையங்களிலிருந்து குடியிருப்புகளுக்குச் செல்லும் பாதைகளில் மாலை 7 மணிக்குப் பிறகு காவல்துறை ரோந்து நடைபெறுகிறதா;
(ஆ) ஆம் எனில், அதன் விவரம் என்ன;
(இ) இல்லை எனில், அதற்கான காரணம் என்ன?

பாருங்க, இதுல ஒரு இடத்துலயும் கோபம் தெரியாது, ஆனா மினிஸ்டர் எந்தப் பக்கம் போனாலும் பதில் சொல்லியே ஆகணும். ஃபோன் விஷயத்தை இதுல போடக் கூடாது, பதில் வந்ததும் துணைக் கேள்வில அவ வாயால சொல்லட்டும், ரெண்டே வரில. அந்த நேரத்துல அவைல ஒரு சத்தம் இருக்காது பாருங்க.

ஹிந்தி வரலைங்கறதுக்காக அவ தயங்க வேண்டாம். நிஜ பார்லிமென்ட்லயே ஹிந்தி, இங்கிலீஷ்ல சரியா பேச வராத உறுப்பினர் அவைத் தலைவர் அனுமதியோட தாய்மொழில பேசலாம்னு 120வது பிரிவு சொல்லுது. போட்டில எந்த மொழி செல்லும்னு டீச்சர்கிட்ட கேட்டுக்கோங்க, ஆனா வீட்ல யோசிக்கறது தமிழ்லயே இருக்கட்டும், பேசறப்ப எளிய ஹிந்தியோ இங்கிலீஷோ போதும். ரிகர்சல்ல ஓட்டெடுப்பு வந்தா நம்ம சட்டசபை மாதிரி "ஆம் என்போர் ஆம் என்க, இல்லை என்போர் இல்லை என்க"ன்னு வீட்ல எல்லாரையும் கூட்டி வச்சு நடத்துங்க, நடைமுறை தானா பழகிடும்.

ஜனக்புரி_அப்பா:

இதைப் படிச்சதும் என் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்கு இப்படி ஒருத்தர் சொல்லிக் குடுத்திருந்தா நான் கேள்வி எழுதற வேலையே கேட்டு வாங்கிருப்பேன்பான்னான். மாமா, எங்க ஏரியாப் பசங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வந்து இதைச் சொல்லித் தர முடியுமா? எங்க ஹவுசிங் சொசைட்டில ஹால் இருக்கு, நான் ஏற்பாடு பண்றேன். பேச வராத பசங்களையும் கூட்டிட்டு வருவேன்.

நார்த்கேம்பஸ்_அக்கா:

அங்கிள், 239ஏஏ பத்தி நீங்க சொன்னதை அப்படியே எடுத்துக்கறேன், டேங்கர் கேள்வியை இந்த வாரத்துலேர்ந்து டெல்லி சட்டசபையா மாத்தி நடத்தப் போறோம், 70 தொகுதில பசங்க அவங்கவங்க தொகுதிக்கே எம்எல்ஏ. அடுத்து ஒவ்வொருத்தரும் ஒரு தனிநபர் மசோதா எழுதணும்னு வச்சிருக்கோம், திருச்சி சிவா கொண்டு வந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24ல ராஜ்யசபால நிறைவேறினதைத்தான் பசங்களுக்கு உதாரணமா காட்டறேன், மினிஸ்டரா இல்லாத ஒருத்தர் கொண்டு வந்ததுன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கறாங்க. எனக்கே டிகிரி முடிஞ்சதும் லாம்ப் ஃபெல்லோஷிப் (எம்பிக்களுக்கு உதவியா இளைஞர்களைச் சேர்க்கற திட்டம்) போட்டு ஒரு எம்பிகிட்ட ஆராய்ச்சி உதவியாளரா வேலை செய்யணும்னு ஆசை, அது இந்த ஸ்கூல் பார்லிமென்ட்லேர்ந்து வந்த ஆசைதான்.

ஆன்ட்டி, டீச்சர்கிட்ட ஸ்க்ரிப்டையே மாத்துங்கன்னு கேக்காதீங்க, அவங்களுக்கும் டென்ஷன். இந்த ஒரு கேள்வியை மட்டும் கேள்வி நேரத்துல சேர்க்க முடியுமான்னு உங்க பொண்ணே போய்க் கேக்கட்டும்.

மயூர்விஹார்_அம்மா:

கேட்டுட்டா. டீச்சர் படிச்சுப் பாத்துட்டு, ஸ்க்ரிப்ட்ல இருந்த ரயில்வே கேள்வியை எடுத்துட்டு இதைப் போட்டுட்டாங்களாம், உள்துறை மினிஸ்டரா இருக்கற பையன்கிட்ட பதிலை நீயே தேடி எழுதிட்டு வான்னும் சொல்லிட்டாங்க. இங்கிலீஷ்ல கேக்கறா. அந்த ரெண்டு பக்க ஹிந்திப் பேச்சு அப்படியேதான் இருக்கு, அதையும் படிச்சுட்டுதான் இருக்கா. அவ ஃப்ரெண்டையும் சேத்து நான் கூட்டிட்டு வரேன்னு அவங்க வீட்ல பேசிட்டேன்.

லைட்டு விஷயத்துக்கு அந்த ரோடு எம்சிடியா பிடபிள்யூடியா (பொதுப்பணித் துறை)ன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது மாமா? பசங்க ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டு மனு குடுக்கணும்னு நிக்கறாங்க.

ஆர்கேபுரம்_மாமா:

கம்பத்துல நம்பர் பெயின்ட் பண்ணியிருக்கும், சில இடத்துல துறை பேரும் இருக்கும், பகல்ல போய் ஃபோட்டோ எடுத்துக்கச் சொல்லுங்க. இல்லேன்னா 10 ரூபா கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடலாம், தப்பான துறைக்குப் போனாலும் 5 நாளைக்குள்ள சரியான துறைக்கு அவங்களே மாத்தி அனுப்பணும், அது சட்டம். விண்ணப்பத்தை உங்க பேர்ல போடுங்க, வாசகத்தைப் பசங்க எழுதட்டும். எழுதினதும் இங்க போடுங்க, பாத்துச் சொல்றேன்.