மோடம் கத்திய காலத்துச் சண்டைகள்: அனுபவப் பகிர்வு

பழைய வீட்டுக் கணினிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், சற்று நேரத்தில் யாராவது ஒருவர், "அந்தக் காலத்தில் கணினி வழியாகப் பேசியவர்கள் மரியாதையாகப் பேசினார்கள், இப்போதுதான் எல்லாம் கெட்டுப்போய்விட்டது" என்று சொல்லாமல் இருப்பதில்லை. பழைய கணினிகளைச் சீர்செய்து ஓட்டிக்காட்டும் ஆர்வலர்களின் கூடுகை ஒன்றில் அண்மையில் இதே வாசகத்தைக் கேட்டேன். சொன்னவர் அரை மணி நேரம் கழித்து, அமிகா உயர்ந்ததா அட்டாரி எஸ்டி உயர்ந்ததா என்ற விவகாரத்தில் அடுத்த மேசைக்காரரோடு முகம் சிவக்க வாதாடிக்கொண்டிருந்தார். இரண்டும் 1985இல் வந்த கணினிகள். அமிகாவை விற்ற கொமடோர் நிறுவனம் 1994இலேயே திவாலாகிவிட்டது. வழக்குக்குரிய சொத்து கைமாறி, கரைந்து, காணாமலும் போய்விட்ட பிறகு வாய்தா மட்டும் நடந்துகொண்டிருக்கிறது.

அந்தக் கணினிகள் மீது எனக்குள்ள பற்று யாருடையதற்கும் குறைந்ததில்லை. கொமடோர் 64 கணினியை இயக்கியதும் திரையில் தோன்றும் 38911 என்ற எண்ணை, அதாவது நிரல் எழுத மீதமிருக்கும் பைட்டுகளின் கணக்கை, சொன்னாலே குரல் தழுதழுக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். நான் கற்றுக்கொண்டது 1982இல் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினியில். அதன் 48 கிலோபைட் நினைவகத்தை ஒலிநாடாவிலிருந்து நிரப்ப ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகும். திரையின் ஓரங்களில் முதலில் சிவப்பும் இளநீலமும், பிறகு நீலமும் மஞ்சளும் கோடு கோடாக ஓடும்; கூடவே காதைக் கிழிக்கும் கீச்சொலி. நாடாவைப் படிக்கும் முனை இம்மியளவு சாய்ந்திருந்தாலும், நான்கரை நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டுக் கடைசியில் பிழை என்று ஒற்றை வரி வந்து நிற்கும். அப்போது பதிவுக்கருவியின் மூடியில் இருக்கும் சிறு துளை வழியாக மெல்லிய திருப்புளியை நுழைத்து, கீச்சொலி மந்தமாக இருப்பது மாறிக் கூர்மையாகக் கேட்கும் வரை திருகாணியைக் கடுகளவு கடுகளவாகத் திருப்ப வேண்டும். காதால் கணினியைச் சரிசெய்த தலைமுறை எங்களுடையது என்று பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நாடா வாங்க இயலாதபோது இதழ்களில் அச்சாகும் நிரல்களைப் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்வோம். அக்கா எண்களை வாசிப்பாள், நான் விசைகளை அழுத்துவேன். சுழியத்துக்கும் ஆங்கில ஓ எழுத்துக்கும் வேறுபாடு தெரியாத ஓர் இடத்தில் மொத்தமும் நின்றுபோகும்.

இவையெல்லாம் இனிய நினைவுகளே. மரியாதை என்ற கதையை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை, ஏனெனில் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. வீட்டில் கணினி என்ற எண்ணமே கைக்குழந்தையாக இருந்த 1976 பிப்ரவரியில், இருபது வயது பில் கேட்ஸ், ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, அல்டேர் கணினிக்குத் தாங்கள் எழுதிய பேசிக் மொழியைப் பணம் கொடுக்காமல் நகலெடுப்பது திருட்டு என்று பெரும்பாலோரைப் பொதுவில் சாடினார். பதிலுக்கு வந்த மடல்களில் தேன் வழியவில்லை. 1978 மே மாதத்தில் டெக் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ நானூறு பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பி வசை வாங்கிக்கொண்டார். இன்று எல்லோரும் பயன்படுத்தும் சிரிப்புக் குறிக்கு என்ன தேவை வந்தது என்று பாருங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் செய்திப் பலகையில் வேடிக்கையாகச் சொன்னதை மெய்யென்று எடுத்துக்கொண்டு சிலர் வாதத்தில் இறங்கிவிடுகிறார்கள் என்பதற்காகவே, 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்து எழுதுமாறு முன்மொழிந்தார். எல்லோரும் ஒருவரையொருவர் பொறுத்துப் போன இடத்தில் அப்படியொரு குறிக்கு வேலையே இருந்திருக்காது. விவாதம் நீள நீள யாராவது ஒருவர் எதிராளியை ஹிட்லரோடு ஒப்பிடுவது உறுதியாகிவிடும் என்று மைக் காட்வின் வகுத்த விதியும் 1990இல் பிறந்ததே. வலைத்தளங்கள் பொதுமக்களின் கைக்கு வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது.

ஏக்கம்கூடப் புதியதில்லை. பொதுவில் செய்தி எழுதி உரையாட உதவிய யூஸ்நெட் என்ற வலையமைப்பின் குழுக்களில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் புதிய பல்கலைக்கழக மாணவர்கள் நுழைந்து வழக்கம் தெரியாமல் எழுதுவதும், மூத்தோர் அவர்களைக் கடிந்து திருத்துவதும் நடக்கும். 1993க்குப் பிறகு வணிகச் சேவைகளின் வழியாகப் புதியவர்கள் ஓயாமல் வரத் தொடங்கியபோது, இது முடிவே இல்லாத செப்டம்பர் என்று மூத்தோர் சலித்துக்கொண்டார்கள். நாம் இன்று பொற்காலம் என்று கொண்டாடும் ஆண்டுகளிலேயே, பொற்காலம் போய்விட்டது என்று ஒரு கூட்டம் அழுதுகொண்டிருந்திருக்கிறது. வந்தவனை வரவேற்காமல் வாசலிலேயே வைத்து ஏசியவர்களை நாகரிகத்தின் காவலர்களாக நினைவுகூர எனக்கு மனம் வரவில்லை. உங்களில் அந்தக் காலத்தில் நேரடியாக இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

ஒரு மறுமொழி

முதலில் எழுதியவரின் பகிர்வில் ஒரே வரியில் வந்து மறையும் அக்காவைப் பற்றி நான் எழுத விரும்புகிறேன். எங்கள் வீட்டில் எண்களை வாசித்துக் கொடுத்த அக்கா நான்தான்.

கணினி வாங்கும்போது அது இருவருக்கும் பொது என்றுதான் பேச்சு. வந்து இறங்கியது தம்பியின் அறையில். எனக்கு வாய்த்தது இதழைக் கையில் பிடித்துக்கொண்டு எண்களை ஒப்பிக்கும் வேலை. ஆனால் அந்த வேலைதான் எனக்குக் கணினியைக் கற்றுக்கொடுத்தது. நூற்றுக்கணக்கான எண்களை வாசித்த பிறகு, அவற்றில் ஒன்றுகூட 255ஐத் தாண்டுவதில்லை என்பது பிடிபட்டது. தம்பியைக் கேட்டேன், அவனுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் பொறுமையும் இல்லை. கையேட்டைப் புரட்டி, எட்டு பிட்டுகளில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் அதுதான் என்று நானே கண்டுபிடித்தேன். அதன்பின் 267 என்று ஓர் எண் அச்சாகியிருந்தால் அது அச்சுப் பிழை என்று தட்டச்சுக்கு முன்பே சொல்லிவிடுவேன். எட்டெட்டாக வரும் எண்களைக் கட்டம் போட்ட தாளில் புள்ளிகளாக்கினால் விண்கலமோ பூதமோ உருவாகும் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. நிரல் ஓடியதும் ஆட்டத்தை ஆடுவது தம்பியும் அவன் நண்பர்களும். எனக்கு முறை வருவதற்குள் படுக்கும் நேரம் வந்துவிடும்.

இது என் ஒருத்தியின் குறை என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அமெரிக்காவில் கணினி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றோரில் பெண்களின் பங்கு 1984 வாக்கில் 37 விழுக்காட்டை எட்டி, அங்கிருந்து சரியத் தொடங்கியதாக அந்நாட்டுக் கணக்குகள் காட்டுகின்றன. வீட்டுக் கணினியைப் பையன்களின் விளையாட்டுப் பொருளாக விளம்பரம் செய்து விற்ற ஆண்டுகளும் அவைதான். காரணம் அது ஒன்றே என்று யாரும் நிறுவிவிடவில்லை. ஆயினும் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் 1990களின் பிற்பகுதியில் கார்னகி மெலனில் மாணவ மாணவியரை நேரில் கண்டு பேசி நடத்திய ஆய்வில், குடும்பக் கணினி மகனின் அறையில் போய் அமர்ந்துகொண்ட கதை திரும்பத் திரும்ப வந்ததைப் படித்தபோது, எங்கள் வீட்டுக்குள் யாரோ எட்டிப் பார்த்தது போல இருந்தது.

மரியாதை என்று பேசுகிறீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். பின்னாளில் செய்தி வலையமைப்புகளில் எழுதத் தொடங்கியபோது முதலெழுத்துகளை மட்டும் பெயராக வைத்துக்கொண்டேன். கணினியின் அடிப்படைக் கட்டளைகளிலேயே நிரல் எழுதும் அசெம்பிளி மொழி பற்றி எவ்வளவு கடுமையாக வாதிட்டாலும் சமமாக எதிர்வாதம் வந்தது. ஒரு முறை பேச்சுவாக்கில் நான் பெண் என்பது தெரியவந்தது. அன்றிலிருந்து, என்னோடு மோதிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் வாதத்தை விட்டுவிட்டு அறிவுரை சொல்லத் தொடங்கினார்கள், மற்றவர்கள் தனி மடலில் நலம் விசாரிக்கத் தொடங்கினார்கள். என் நிரலில் இருந்த பிழையைச் சுட்டிக்காட்ட மட்டும் ஆளில்லாமல் போயிற்று. முன்பு கிடைத்த மரியாதை எனக்குரியது இல்லை, நான் யாரென்று அவர்கள் எண்ணிக்கொண்டார்களோ அந்த ஆணுக்குரியது.

தொலைபேசிப் பலகை நடத்திய ஒருவர்

மேலே எழுதிய இருவரோடும் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. பிபிஎஸ் எனப்பட்ட தொலைபேசி வழிச் செய்திப் பலகை ஒன்றைச் சில ஆண்டுகள் வீட்டிலிருந்து நடத்தியவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன்: மனிதர்கள் அன்றும் இதே மனிதர்கள்தாம், ஆனால் கருவி அவர்களைக் காக்கவைத்தது.

வார்ட் கிறிஸ்டென்சனும் ரேண்டி சூஸும் 1978 பிப்ரவரியில் சிகாகோவில் தொடங்கிய முதல் பலகையைப் போலவே, என்னுடையதும் ஒரே தொலைபேசி இணைப்பில் ஓடியது. ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர்கள் வெளியே. கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் கருவியான மோடத்தின் தொடக்க கால வேகம் வினாடிக்கு 300 பிட்டுகள், அதாவது ஏறத்தாழ முப்பது எழுத்துகள். 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட ஒரு திரை நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒருவருடைய வசை வரி வரியாக, சொல் சொல்லாக நம் கண்ணெதிரே வந்து விழுவதைப் படித்து முடிப்பதற்குள் பாதிச் சினம் ஆறிவிடும். வேகம் கூடிய பிறகும், இணைப்பில் இருந்துகொண்டே எழுதினால் கட்டணம் ஏறுகிறதே என்று, செய்திகளை மொத்தமாக இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஆற அமரப் படித்துப் பதில் எழுதி மறுநாள் அனுப்புவதே பலருக்கும் வழக்கமாயிற்று. டாம் ஜென்னிங்ஸ் 1984இல் தொடங்கிய ஃபிடோநெட்டின் வழியாகப் பிற பலகைகளுக்குப் போகும் செய்திகளோ, கட்டணம் குறைந்த நள்ளிரவு நேரத்தில்தான் கணினிக்குக் கணினி கைமாறின. கோபத்துக்கும் பதிலுக்கும் நடுவே ஓர் இரவு இருந்தது. அந்த இரவைத் தந்தது தொலைபேசிக் கட்டணம். அதற்கான புகழை எங்கள் நற்குணத்துக்கு எழுதிவைக்க வேண்டியதில்லை.

ஃபிடோநெட்டின் நடத்தை விதிகளை இரண்டே வரியில் சொல்வார்கள்: பிறரை அளவுக்கு மீறி எரிச்சலூட்டாதே, நீயும் சட்டென்று எரிச்சலடையாதே. முதல் விதி இன்றைக்கும் எல்லாத் தளங்களிலும் ஏதேனும் ஒரு வடிவில் இருக்கிறது. இரண்டாவதைத்தான் காணோம். எரிச்சலடைகிறவர்களே அதிக நேரம் தங்கி அதிக விளம்பரம் பார்க்கிறார்கள் என்னும்போது அதை யார் எழுதிவைப்பார்கள்?

என் பலகையில் நடந்த பெரிய சண்டை, மேலே சொல்லப்பட்ட 1976 மடலின் எதிரொலிதான். ஆட்டங்களின் நகல் தடுப்பை உடைத்துப் பகிர்ந்த ஓர் இளைஞரை மற்றொருவர் திருடர் என்று எழுதினார். வாங்க வழியில்லாதவனுக்கு நீதி சொல்ல வேண்டாம் என்று இவர் எழுதினார். பிறகு குடும்பங்கள் உள்ளே இழுக்கப்பட்டன. புதிய உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிய பிறகே சேர்ப்பது என் வழக்கமாதலால் இருவருடைய குரலும் எனக்குத் தெரியும். இருவரையும் அழைத்தேன். குரலில் இருவருமே எழுத்தில் இருந்ததைவிடப் பத்து வயது இளையவர்களாக இருந்தார்கள். ஒரு வாரம் இருவருக்கும் அனுமதி இல்லை என்று சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு யாரும் தந்திராத அதிகாரம் அது. கணினி என்னுடையது, தொலைபேசி இணைப்பும் என்னுடையது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் கிடையாது. நான் பிடிக்காதவர்களைத் துரத்தியிருந்தாலும் கேட்பாரில்லை. இதையும் சொல்லாமல் அந்தக் காலத்தைப் புகழ்வது சரியாகாது.

இப்போதுள்ள சிக்கல் வேறு. அந்தச் செய்திகள் அடங்கிய நெகிழ்வட்டுகள் ஒரு பெட்டி நிறைய என்னிடம் இருக்கின்றன, பெரும்பாலானவை இன்னும் படிக்கக்கூடிய நிலையில். வரலாற்று ஆவணமாக இணையத்தில் ஏற்றுமாறு பழைய கணினி ஆர்வலர்கள் கேட்கிறார்கள். எனக்கு 2001 டிசம்பர் நினைவுக்கு வருகிறது. டொரண்டோ பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஸ்பென்சர் காந்த நாடாக்களில் சேமித்து வைத்திருந்த தொடக்க காலச் செய்திகளையும் சேர்த்து, இருபது ஆண்டு யூஸ்நெட் உரையாடல்களைக் கூகுள் தேடக்கூடிய வடிவில் வெளியிட்டது. மொத்தம் 70 கோடிச் செய்திகள். சில வாரங்களில் அழிந்துவிடும் என்ற எண்ணத்தில் மாணவப் பருவத்தில் எழுதியவை, நடுவயதில் பெயரோடு தேடலில் வந்து நின்றன. ஒருவர் இருபது வயதில் எழுதிய வரியைத் தோண்டியெடுத்து நாற்பதில் கூண்டில் ஏற்றும் வழக்கம் இன்று எவ்வளவு மலிந்துவிட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே நேரத்தில், அன்று பெண்களையும் புதியவர்களையும் எப்படி நடத்தினோம் என்பதற்கான சான்றும் அந்தச் செய்திகளில்தான் இருக்கிறது; மேலே எழுதிய அம்மையார் சொன்னதை மறுக்க யாராவது கிளம்பினால் காட்டுவதற்கு வேறு என்ன உண்டு?

ஆகவே நிரல்களையும் கோப்புப் பட்டியல்களையும் நுழைவுத் திரைச் சித்திரங்களையும் வெளியிடுவது, தனி மடல்களைத் திறக்காமலே அழிப்பது, பொதுச் செய்திகளை எழுதியவரின் ஒப்புதல் கிடைத்தால் மட்டும் ஏற்றுவது என்று முடிவு செய்து, முகவரி தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதினேன். சண்டையிட்ட இருவரும் பதில் அனுப்பினார்கள். ஆட்டங்களை உடைத்துப் பகிர்ந்தவர் இன்று மென்பொருள் எழுதி விற்றுப் பிழைக்கிறார். தம் வரிகளில் ஒன்றுகூட வரக்கூடாது என்கிறார். அவரைத் திருடர் என்றவரோ ஒரு சொல் விடாமல் முழுவதும் வர வேண்டும் என்கிறார். ஒருவருடைய பதிலை நீக்கிவிட்டு மற்றவருடையதை மட்டும் போடுவது முறையாகுமா என்று கேட்டு இருவருக்கும் ஒரே மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். இப்போது அந்த மின்னஞ்சலின் கீழேயே, எனக்கும் நகல் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார்கள்.