ஃபாலன் லீவ்ஸ் படத்துக்கு விமர்சனம் எழுதுறது எப்படி?

மேட்னிஷோ:
ஃபின்லாந்து இயக்குநர் அகி கவுரிஸ்மாகியோட ஃபாலன் லீவ்ஸ் (2023) பாத்துட்டு எழுத உக்காந்தேன், "மெதுவான படம், முகத்துல உணர்ச்சியே இல்ல, ஆனா மனச தொட்டுச்சு", அதுக்கு மேல ஒரு வரி ஓடல. படமே 81 நிமிஷம்தான், அதைப் போய் மெதுவுன்னு சொல்றதும் சரியா படல. ஸ்வீடன் இயக்குநர் பெர்க்மன் படத்துக்கும் எல்லாரும் இதையேதான் எழுதுறாங்க. நீங்கல்லாம் எங்கேருந்து ஆரம்பிக்கிறீங்க?

டூரிங்டாக்கீஸ்:
முகத்த விடுங்க, கைல இருக்கிற பொருள பாருங்க. கதாநாயகி அன்சா, தனக்குப் பிடிச்ச, ஆனா குடிய விட முடியாத ஹோலப்பாவ வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிடுறா, வீட்ல இருக்கிறது ஒருத்தருக்கான தட்டுதான், அதனால கடைக்குப் போய் இன்னொரு தட்டும் கத்தி ஃபோர்க்கும் வாங்கிட்டு வரா. அப்பாவும் கூடப்பொறந்தவனும் குடியாலதான் செத்தாங்கன்னு அவ சொல்லப்போய் பேச்சு முத்தி அவன் கிளம்பிடுறான், உடனே அந்தத் தட்டத் தூக்கி குப்பைல போட்டுடுறா. அழுகை இல்ல, வசனம் இல்ல. இதை அப்படியே எழுதினாலே போதும், உணர்ச்சி இல்லன்னு எழுத கை வராது. ரேடியோவையும் விட்டுடாதீங்க, எப்ப போட்டாலும் உக்ரைன் போர் செய்திதான் வருது. தேதி முடிஞ்ச சாப்பாட்ட எடுத்ததுக்காக சூப்பர்மார்க்கெட் வேலை போன பொண்ணு அவ, அவளோட சின்ன வீட்டுக்குள்ள இந்தப் போர் வேற!

கடைசிபெஞ்ச்:
சரியா சொன்னீங்க. இன்னொண்ணு, வடக்கு ஐரோப்பா படங்கள ஒரே மூட்டையா கட்டாதீங்க. ஸ்வீடன்ல இயக்குநர் ராய் ஆண்டர்சன் ஸ்டுடியோலயே தெருவையும் பாரையும் செட் போட்டு கேமராவ நகத்தாம வச்சிருப்பார். டென்மார்க்ல 1995ல டாக்மான்னு படமெடுக்கிறதுக்கு விதிகள் எழுதின இயக்குநர்கள் நேர் எதிர், செட் கூடாது, கேமரா கைலதான் இருக்கணும், பாட்ட தனியா சேக்கக் கூடாது. கவுரிஸ்மாகி படத்துலயோ பாட்டுதான் பாதி பேசும், அந்த ரெண்டு பேரும் மொதல்ல பாத்துக்கிறதே கரியோக்கி பார்லதான். அவரப் பத்தி எழுதணும்னா வேலையப் பத்தி எழுதணும்ங்க, 1986, 88, 90ல எடுத்த மூணு தொழிலாளி படத்துலேருந்தே அவர் கேட்டுட்டு வர்றது அதான், இவ்ளோ கம்மி சம்பளத்துல ரெண்டு பேர் எப்படி காதலிக்கிறதுன்னு.

மேட்னிஷோ:
ரொம்ப நன்றி, தட்டுலேருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த சீன சொன்னா ஸ்பாய்லர் ஆகாதா?

டூரிங்டாக்கீஸ்:
ஆகாது, தாராளமா எழுதுங்க. அதுக்கப்புறம் அவன் குடிய என்ன பண்றான்ங்கறத மட்டும் சொல்லிடாதீங்க, அத பாக்கிறவங்களே பாத்துக்கட்டும்.